நோட்டுஸ்வரம்: புதிதாகக் கேட்கவும் பாடவும் தொடங்குகிறவர்களுக்கு

அக்கா மகன் கீபோர்டு கிளாஸில் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த 'ட்விங்கிள் ட்விங்கிள்' வாசித்துக்கொண்டிருந்தான். சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, தலையை நிமிர்த்தாமலே கூடப் பாட ஆரம்பித்தாள்: "ச்யாமளே மீனாக்ஷி, சுந்தரேச்வர ஸாக்ஷி..." பையன் வாசிப்பதை நிறுத்திவிட்டான். "பாட்டி, அது இங்கிலீஷ் ரைம்ஸ்!" "போடா, தீட்சிதர் கிருதி இது" என்றாள் பாட்டி.

இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு இருந்தது. மெட்டு இங்கிலீஷ் இல்லை, பிரெஞ்சு. பாட்டு முத்துஸ்வாமி தீட்சிதருடையதுதான், ஆனால் கிருதி இல்லை. மேற்கத்திய மெட்டில் ஸம்ஸ்கிருதச் சொல்லைப் பொருத்திய குட்டிப் பாட்டு, அதற்கு நோட்டுஸ்வரம் என்று பெயர். கர்நாடக சங்கீதம் கேட்கவேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் கைகாட்டுவேன். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிடம்தான். மெட்டில் பாதி ஏற்கெனவே காதில் இருக்கும். தாளமும் குழப்பாது. அப்படியே போனால் தீட்சிதரின் பெரிய கிருதிகளின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும்.

முதலில் கதை. இது தெரிந்தால் கேட்கிற விதமே மாறிவிடும் என்பதால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

தீட்சிதர் பிறந்தது 1775இல், திருவாரூரில். அப்பா ராமஸ்வாமி தீட்சிதர், ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர். சென்னைக்கு வடக்கே மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் இருந்தார். கம்பெனிக்காரர்களிடம் துபாஷாக இருந்தவர், அதாவது இரு பாஷை தெரிந்த இடைத்தரகர். அவர் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் மணலிக்குக் குடிபெயர்ந்தது. முத்துகிருஷ்ணருக்குப் பிறகு அவர் மகன் சின்னையா முதலியார் ஆதரித்தார். மணலியிலிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டை ரொம்பத் தூரமில்லை. கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்டு வாத்தியம் வாசிக்கும். முதலியார் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வளர்ந்த தீட்சிதர் சகோதரர்கள் அதைப் போய்க் கேட்டார்கள்.

கேட்டதன் விளைவு இரண்டு. கடைசித் தம்பி பாலுஸ்வாமிக்கு வயலின் மேல் ஆசை வந்தது. முதலியார் ஏற்பாட்டில் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு, அதில் நம் சங்கீதத்தை வாசிக்கத் தொடங்கினார். இன்றைக்கு வயலின் இல்லாமல் கச்சேரி மேடையை நினைத்துப் பார்க்க முடியுமா? அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் முதல் ஆளாகச் சொல்லப்படுகிறவர் அவர்தான். அண்ணன் முத்துஸ்வாமி வாத்தியத்தை எடுக்கவில்லை, மெட்டுகளை எடுத்துக்கொண்டார். பேண்டில் கேட்ட அணிவகுப்பு மெட்டு, நாட்டிய மெட்டு, அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பாட்டு என்று எது கிடைத்ததோ அதில் ஸம்ஸ்கிருதச் சொற்களை உட்காரவைத்தார். மீனாக்ஷி, கணபதி, ஆஞ்சநேயர், ராமர், காஞ்சி ஏகாம்ரநாதர் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஏறத்தாழ 40 உருப்படிகள். எல்லாமே சங்கராபரண ராகத்தில், அதாவது மேற்கத்தியர்களின் மேஜர் ஸ்கேலுக்கு நேரான நம் 29ஆவது மேளத்தில் (தாய் ராகத்தில்).

சரி, இனி வேலைக்கு வருவோம்.

முதல் படி: காதுக்குப் பழகிய ஒரு மெட்டைக் கையால் வாசித்துப் பாருங்கள்

போனில் ஒரு பியானோ செயலி இருந்தால் போதும். 'ஸி' என்ற வெள்ளைக் கட்டையை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வலப்பக்கம் வெள்ளைக் கட்டைகளை மட்டும் தொட்டுக்கொண்டே போனால் ஸ ரி க ம ப த நி ஸ். சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் அவ்வளவுதான், கறுப்புக் கட்டை பக்கமே போகவேண்டாம். இப்போது இதை வாசியுங்கள்:

ஸ ஸ ரி | நி ஸ ரி
க க ம | க ரி ஸ

முதல் வரியில் வரும் நி, ஸவுக்கு இடப்பக்கம் கீழே இருக்கிற நி. ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று எண்ணிக்கை. கோட்டுக்கு அப்புறம் வருகிற முதல் ஸ்வரத்தைக் கொஞ்சம் நீட்டி, அடுத்ததைச் சட்டென்று தொட்டுவிட்டுப் போகவேண்டும். இரண்டு முறை வாசித்தாலே 'காட் சேவ் தி கிங்' என்று தெரிந்துவிடும். 1745இல் லண்டன் நாடக அரங்கில் பாடப்பட்டுப் பிரபலமான பிரிட்டிஷ் ராஜ வாழ்த்து.

ஸ்வரம் சொல்லிக்கொண்டே ஐந்தாறு தடவை பாடிப் பாருங்கள். குரல் நன்றாயிருக்கிறதா என்ற கவலை இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

இரண்டாவது படி: சொல்லை ஏற்றுங்கள்

இதே மெட்டுக்குத் தீட்சிதர் வைத்த சொல்:

சந் த தம் | பா ஹி மாம்
சங் கீ த | ச்யா ம ளே

ஸ்வரத்துக்கு ஓர் அசை, கணக்காக ஆறும் ஆறும். மெட்டு நீள்கிற இடத்தில் 'பா' என்றும் 'ச்யா' என்றும் நெடில் வந்து விழுவதைக் கவனியுங்கள். இரவல் மெட்டில் வேறு பாஷையின் சொல்லைப் பொருத்துகிற யாரும் முதலில் தடுக்கி விழுகிற இடம் இதுதான். நம்மூரில் டப்பிங் பாட்டு கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அடுத்த பகுதி மேலே ஏறுகிறது:

ப ப ப | ப ம க
சிந் தி தார் | த்த ப்ர தே
ம ம ம | ம க ரி
சித் ரூ பி | ணி சி வே

இப்போது பொருளைப் பாருங்கள். 'சந்ததம் பாஹி மாம்' என்றால் 'எப்போதும் என்னைக் காப்பாற்று' என்று அர்த்தம். மூல மெட்டின் வேண்டுகோளும் காப்பாற்று என்பதுதான். அங்கே ராஜாவைக் காப்பாற்றும்படி கடவுளிடம் கேட்கிறார்கள். இங்கே ராஜா காணாமல் போய்விட்டார், சங்கீத ச்யாமளையிடம் 'என்னை' என்று கேட்கிறார் ஒருவர். தீட்சிதருக்கு அந்த இங்கிலீஷ் வரியின் பொருளை யாராவது சொன்னார்களா, இல்லை தற்செயலா? எனக்கு இது குறும்பாகத்தான் படுகிறது. துபாஷ் வீட்டில் அர்த்தம் சொல்ல ஆள் இல்லாமலா போயிருப்பார்கள்!

மூன்றாவது படி: எதுகையைத் தேடுங்கள்

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் படி லட்டு மாதிரி. மற்றவர்கள் மெனக்கெட்டுக் கற்கவேண்டியதை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. தீட்சிதர் தன் பெரிய கிருதிகளில் இந்தக் கட்டுப்பாட்டை விடாமல் கடைப்பிடிப்பவர். விளையாட்டுப் போல இருக்கிற இந்தச் சின்ன உருப்படிகளில் விட்டிருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன்.

'சந்ததம்' என்று ஒரு பகுதி தொடங்கினால், அடுத்தது 'சிந்திதார்த்த' என்று தொடங்குகிறது. பாட்டி பாடியதில் 'ச்யாமளே' என்பதற்கு எதிரே 'பாமர மோசனி'. மோசனிக்குப் பக்கத்திலேயே 'பங்கஜ லோசனி' என்று இயைபும் போட்டுக்கொள்கிறார். இவற்றையெல்லாம் மிஞ்சுவது குழந்தைகள் சங்கீத வகுப்பில் பாடுகிற 'சக்தி ஸஹித கணபதிம்'. அதன் பகுதிகள் தொடங்கும் சொற்களை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்: சக்தி, விரக்த, பக்தாளி, புக்தி முக்தி, ரக்த. ஐந்து இடத்திலும் 'க்த' உட்கார்ந்திருக்கிறது. பட்டாளத்து பேண்டு மெட்டுக்கு இவ்வளவு கவனம்!

இன்னொன்றையும் தேடிப் பிடியுங்கள்: 'குருகுஹ'. தீட்சிதரின் முத்திரை அது, முருகனைக் குறிக்கும் சொல். சந்ததத்தில் 'ஸ்ரீ குருகுஹ ஸேவிதே', ச்யாமளேயில் 'சங்கரி குருகுஹ ஸமுத்பவே', சக்தி ஸஹிதத்தில் 'வினுத குருகுஹம்'. ஓவியர் மூலையில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. முத்திரை காதில் விழ ஆரம்பித்துவிட்டால், பிறகு எந்தக் கச்சேரியிலும் தீட்சிதர் கிருதியை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

நான்காவது படி: அதே மெட்டு அந்தப் பக்கம் என்ன ஆனது என்று கேளுங்கள்

இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. செய்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

'ச்யாமளே மீனாக்ஷி'யின் மெட்டு பிரான்ஸில் 1761 வாக்கிலேயே அச்சில் வந்த ஒரு பழைய மெட்டு. மொசார்ட் 1780களின் தொடக்கத்தில் அதை எடுத்துப் பியானோவுக்கு 12 வேரியேஷன்கள், அதாவது அதே மெட்டின் மாற்று வடிவங்கள், எழுதினார். 'ட்விங்கிள்' கவிதையை ஜேன் டெய்லர் வெளியிட்டது 1806இல். அது மெட்டோடு ஒட்டிக்கொண்டது அதற்கும் பிறகு. 'காட் சேவ் தி கிங்' மெட்டை பீத்தோவன் 1803இல் எடுத்து ஏழு வேரியேஷன்கள் எழுதினார். இரண்டு பதிவுகளும் இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும்.

முதலில் மொசார்ட்டைக் கேளுங்கள். மெட்டை ஒரு முறை சாதுவாக வாசித்துக் காட்டிவிட்டு, அப்புறம் அதை ஓடவிடுவார், குதிக்கவிடுவார், சோகமாக ஒலிக்கும் மைனர் ஸ்கேலுக்குக் கொண்டுபோய் அழவிடுவார். பிறகு 'ச்யாமளே'யைக் கேளுங்கள். இவர் மெட்டில் கை வைப்பதே இல்லை. ஒரே வயதுக்காரர்கள் என்றுகூடச் சொல்லலாம்: பீத்தோவன் தீட்சிதரைவிட ஐந்து வயது மூத்தவர், மொசார்ட் பத்தொன்பது வயது. ஒரே மெட்டு ஐரோப்பாவில் ஒருவர் கையிலும் மணலியில் ஒருவர் காதிலும் விழுந்திருக்கிறது. அவர்கள் மெட்டைப் பிரித்து மேய்ந்தார்கள், இவர் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லில் தன் வேலையைக் காட்டினார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 'ட்விங்கிள் மெட்டே தீட்சிதருடையது, வெள்ளைக்காரன் திருடிவிட்டான்' என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கும். மெட்டு அச்சானபோது தீட்சிதர் பிறக்கவே இல்லை. அதற்கு நேர் எதிராக, 'அவர் காப்பியடித்தார்' என்றும் ஒரு கட்சி உண்டு. ஊரறிந்த பேண்டு மெட்டில் பாட்டுக் கட்டுவது காப்பி என்றால், காவடிச்சிந்து மெட்டில் பாட்டெழுதிய எல்லாரையும் பிடித்து உள்ளே போடவேண்டும். இரண்டு கட்சிக்கும் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஐந்தாவது படி: ஒரே ஸ்வரம், இன்னொரு உலகம்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் இந்தப் படிக்காகத்தான்.

'சந்ததம் பாஹிமாம்' கேட்டு முடித்த கையோடு, இடையில் வேறு எதுவும் கேட்காமல், தீட்சிதரின் 'அக்ஷயலிங்க விபோ' கேளுங்கள். அதுவும் சங்கராபரணம்தான், அதே ஏழு ஸ்வரம். திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிற கீழ்வேளூர்ச் சிவன் மேல் பாடியது. பெரிய பாடகர்கள் பலர் பாடிய பதிவு இருக்கிறது, எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவசரப்படாத பதிவாக இருக்கட்டும்.

பல்லவி: 'அக்ஷயலிங்க விபோ ஸ்வயம்போ, அகிலாண்டகோடி ப்ரபோ பாஹி சம்போ.' பாருங்கள், இங்கேயும் 'பாஹி' வந்துவிட்டது. ஒரே ஆள், ஒரே ராகம், ஒரே வேண்டுகோள். ஆனால் நோட்டுஸ்வரத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் பியானோக் கட்டை மாதிரி அதனதன் இடத்தில் நேராக நின்றது. இங்கே ஒன்றும் நேராக நிற்காது. மத்யமம், அதாவது ம, ஒரு புள்ளியில் இருக்காமல் ஆடும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். மிச்ர சாபு தாளத்தில் மூன்றும் நாலுமாக நடை அசைந்து அசைந்து வரும். 'பதரீவன' என்று சரணம் தொடங்குகிறதே, அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பதரி என்றால் இலந்தை, அந்தக் கோயிலின் தலமரம். அந்தச் சொல்லைச் சுற்றி ராகம் விரிகிற விதத்தைக் கேட்டால், ஸ்வரத்தின் இந்த அசைவுக்குப் பெயரான கமகம் என்றால் என்ன என்று யாரும் உங்களுக்கு விளக்கவேண்டியிருக்காது.

எனக்குக் கமகம் புரிந்தது இப்படித்தான். முப்பத்தைந்து வயதில் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போனேன். நோட்டுஸ்வரம் சொல்லித்தரும்படி கேட்டதற்கு, "அது குழந்தைங்க பாட்டு, உங்களுக்கெதுக்கு?" என்று ஆசிரியர் சிரித்துவிட்டு நேராக வர்ணம் என்ற பயிற்சி உருப்படிக்குப் போய்விட்டார். ஆறு மாதம் நான் பாடியதில் எது கமகம், எது நடுக்கம் என்று எனக்கே தெரியாது. பிறகு வீட்டில் தனியாக இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டபோதுதான் வித்தியாசம் பிடிபட்டது. வெள்ளைச் சோறு தின்றுபார்த்தால்தானே குழம்பின் ருசி தனியாகத் தெரியும்?

தேடும்போது கவனிக்க

பதிவுகளைத் தேடும்போது 'நோட்டுஸ்வரம்' என்று மட்டும் போட்டால் ஒரே ஏழெட்டுப் பாட்டுதான் திரும்பத் திரும்ப வரும். பாட்டின் முதல் வரியைப் போட்டுத் தேடுங்கள். வந்தே மீனாக்ஷி, வரசிவபாலம், ஆஞ்சநேயம் ஸதா, ராம ஜனார்தன, காஞ்சீசம் ஏகாம்ரநாயகம், பீதவர்ணம் பஜே என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். சின்சினாட்டியில் வசிக்கும் இசையமைப்பாளர் கன்னிக்ஸ் கன்னிகேஸ்வரன் இவற்றை ஆராய்ந்து, மூல மெட்டுகளையும் தேடி, தொகுப்பாகப் பதிவு செய்திருக்கிறார். ஐரிஷ் வாத்தியங்களோடு கேட்க வேண்டுமானால் அங்கே போகலாம். ஆனால் முதலில் தம்பூராவும் குரலும் மட்டும் உள்ள பதிவைக் கேட்டுவிடுங்கள். கூட்டுக்குரல், கிட்டார் எல்லாம் பிறகு.

பாட ஆரம்பித்தவர்கள் செய்கிற தவறு இரண்டு. ஒன்று, கர்நாடக சங்கீதமாயிற்றே என்று ஸ்வரத்தை வலிந்து அசைப்பது. வேண்டாம், நேராகப் பாடுங்கள். இன்னொன்று, வேகம். குழந்தைகள் சேர்ந்து பாடும்போது 'சக்தி ஸஹித' ரயில் மாதிரி ஓடும், அப்போது 'விரக்த ஸகல முனிவர' நாக்கில் சிக்கிக்கொள்ளும். பாதி வேகத்தில் சொல் தெளிவாக வரட்டும்.

ஸ்வரப்படுத்தியதைப் பார்த்துப் பாட விரும்புகிறவர்களுக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. பாலுஸ்வாமியின் பேரனும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி'. மூலம் தெலுங்கு எழுத்தில். தமிழில் மியூசிக் அகாதமி தொகுதி தொகுதியாக வெளியிட்டது. நோட்டுஸ்வரங்கள் அதன் அனுபந்தத்தில் இருக்கின்றன. புத்தகம் பிறந்ததே ஒரு தனிக் கதை. சின்னஸ்வாமி முதலியார் என்ற கிறிஸ்தவத் தமிழர், நம் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதிப் பதிப்பிக்க 1890களில் தன் காசையும் கண்பார்வையையும் செலவழித்தவர். குடும்பச் சொத்தாக இருந்ததை அச்சில் கொண்டுவரும்படி சுப்பராம தீட்சிதரை விடாமல் வற்புறுத்தியவரும் அவர்தான். புத்தகம் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அப்புறம் எங்கே போவது?

பிடித்துப்போனவர்களுக்கு இரண்டு வழி. மேற்கத்திய வாசனையையே தொடர விரும்பினால் பட்டணம் சுப்ரமண்ய ஐயரின் 'ரகுவம்ச ஸுதாம்புதி'க்குப் போங்கள். கதனகுதூகலம் ராகம் ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டிக் குதிக்கும், கேட்ட உடனே சிரிப்பு வரும். அதோடு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் 'இங்கிலீஷ் நோட்டு'. மதுரை மணி ஐயர் கச்சேரி முடிவில் அதைப் பாடுவார். சொல்லே இல்லாமல் வெறும் ஸ்வரமாக அவர் உருட்டிவிடுகிற பதிவில், கேட்பவர்களின் கைதட்டலும் சேர்ந்தே பதிவாகியிருக்கும்.

தீட்சிதரையே தொடர விரும்பினால் சங்கராபரணத்தை விட்டு நகராதீர்கள். 'அக்ஷயலிங்க விபோ' ஒரு வாரம், 'தக்ஷிணாமூர்த்தே' ஒரு வாரம். இரண்டாவது இன்னும் மெதுவாக நகரும், முதல் இரண்டு நாள் தூக்கம் வந்தாலும் வரும். மூன்றாம் நாள் காலையில், காப்பி போடும்போது கேளுங்கள்.